அசிரியாவை ஆட்டத்துக்குள் கொண்டுவருவது: கேள்வி பதில்

0 ஏ.டி. இலவசமாகக் கிடைக்கும் வரலாற்று வியூக விளையாட்டு. ஏதென்ஸ், ரோம், பாரசீகம், கார்த்தேஜ், மௌரியர், குஷ் என்று பல நாடுகளை அதில் எடுத்து ஆடலாம். இன்றைய வடக்கு ஈராக்கை மையமாகக் கொண்ட பழைய பேரரசான அசிரியா இல்லை. அதை மோடாக (மூல விளையாட்டோடு நாமே இணைக்கும் கூடுதல் தொகுப்பு) சேர்த்துக்கொண்டிருக்கிறேன், சந்தேகம் இருப்பவர்கள் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அண்ணா, 0 ஏ.டி. கி.மு. 500-லதானே தொடங்குது? அசிரியாவோட தலைநகரம் நினிவே விழுந்தது கி.மு. 612. காலமே ஒத்துவரலையே?

ஒத்துவராதுதான் தம்பி. அதனால்தான் மூல விளையாட்டில் அசிரியாவுக்கு இடமில்லை. மோடில் காலத்தை நாம் தீர்மானிக்கலாம். மூன்றாம் திக்லத் பிலேசர் அரியணை ஏறிய கி.மு. 745 முதல் அசூர்பனிபால் காலம் வரை என்று வைத்துக்கொண்டேன். அதற்குப் பின்னால் வந்த எதையும் அவர்கள் கையில் கொடுப்பதில்லை என்பது எனக்கு நானே போட்டுக்கொண்ட விதி. கிரேக்கர்களின் கல்லெறி பொறி அசிரியாவுக்குக் கிடையாது. மதிலை உடைக்க அவர்களிடம் உண்மையில் என்ன இருந்ததோ அது போதும்.

எனக்கு நிரல் எழுதத் தெரியாது சார். எங்க ஆரம்பிக்கணும்?

புதிதாக எதையும் எழுதாதீர்கள். மோட் கோப்புறைக்குள் ஒரு கோப்புறை. அதில் மோடின் பெயர், பதிப்பு, எந்த மூலப் பதிப்பை நம்பியிருக்கிறது என்று சொல்லும் ஒரு சின்ன ஜேசன் கோப்பு (தகவலைப் பட்டியலாக எழுதிவைக்கும் எழுத்துக் கோப்பு). அடுத்தது நாட்டுக் கோப்பு: நாட்டின் குறியீடு, பெயர், சின்னம், தொடக்கத்தில் கிடைக்கும் ஆட்களும் கட்டடமும், கணினி எதிராளிகளுக்கு வைக்கும் பெயர்கள். பாரசீகத்தின் கோப்பை நகலெடுத்து மாற்றுவதே சுலபம்.

யூனிட்டுகள், அதாவது ஆட்டத்தில் நாம் நகர்த்தும் வீரர்களும் வண்டிகளும், எக்ஸ்எம்எல் என்ற வகை எழுத்துக் கோப்புகள். ஒவ்வொன்றும் ஒரு பொது டெம்ப்ளேட்டை (மாதிரிக் கோப்பை) தாயாகக் கொண்டு பிறக்கும். ஈட்டி வீரனுக்கு உயிர், வேகம், விலை எல்லாம் தாயிடமிருந்தே வந்துவிடும். நீங்கள் எழுதவேண்டியது வித்தியாசத்தை மட்டும். முதல் நாளிலேயே முப்பரிமாண உருவம் செய்ய பிளெண்டர் மென்பொருளில் உட்காராதீர்கள். பாரசீக உருவத்தோடே அசிரியா ஒருமுறை ஓடட்டும்.

பிழை வந்தால் திரையில் சிவப்பு எழுத்தில் வரும், அதை முழுக்கப் படியுங்கள். பட்டியலின் கடைசி வரிக்குப் பின்னால் நான் விட்ட ஒரே ஒரு கமாவால் நாடே பட்டியலில் காணாமல்போய், ஒரு மாலை முழுக்கத் தேடினேன். ஜேசனில் கடைசி வரிக்குப் பின் கமா கூடாது.

தோலை உரிக்கிறது, தலையைக் குவிக்கிறதுன்னு அசிரியர்கள் செஞ்சதுதான் எல்லாருக்கும் தெரியும். "பயங்கரம்"னு ஒரு போனஸ் கொடுத்தா ஆட்டம் கலக்கும்ல?

இந்தக் கேள்வி ஐந்தாறு பேரிடமிருந்து வந்தது. கொடுக்கப்போவதில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

அந்தக் கொடுமைகள் நடக்கவில்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவற்றை நமக்குச் சொன்னவர்கள் அரசர்களே. தூதர்கள் நடந்து வரும் அரண்மனைச் சுவரில், பார்த்துப் பயப்படட்டும் என்று செதுக்கிவைத்தார்கள். அதே சுவர்களில் இன்னொரு காட்சி திரும்பத் திரும்ப வரும். வீழ்ந்த ஊரின் ஓரத்தில் இரண்டு எழுத்தர்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள். ஒருவர் கையில் எழுத்தாணியும் பலகையும். அவர் எழுதுவது அசிரியர்களின் அக்காதிய மொழி, ஆப்பெழுத்தில். மற்றவர் தோல் சுருளில் பேனாவால் அரமேய மொழியில் எழுதுவார். கொள்ளைப்பொருளை எண்ணிக் கணக்கு எடுக்கிறார்கள். அந்தப் பேரரசை நிறுத்திவைத்தது இந்த இருவர்தான் என்று நினைக்கிறேன். என் மோடில் அசிரியாவின் பலமும் அவர்கள்தான்.

சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். இடையிடையே நிலையம் வைத்து, ஆளும் கோவேறு கழுதையும் மாற்றி மாற்றி அரசனின் கடிதத்தை ஓட்டினார்கள். அந்தக் கடிதங்கள் களிமண்ணில் இருந்ததால் நமக்கும் மிஞ்சின. திக்லத் பிலேசருக்கு ஓர் அதிகாரி எழுதியது ஒன்று உண்டு. இடம் பெயர்க்கப்படும் அரமேயர்களை வழியனுப்பும் ஏற்பாடு பற்றியது. உணவு, உடை, தண்ணீர்த் துருத்தி, ஒரு ஜோடி செருப்பு, எண்ணெய் கொடுத்துவிடுகிறேன், கழுதைகள்தான் இன்னும் வரவில்லை என்கிறார். சொந்த மண்ணிலிருந்து மக்களைப் பிடுங்கி நடத்துவது கொடுமைதான், சந்தேகமே இல்லை. அதைச் செருப்புக் கணக்கோடு செய்த அரசு இது என்பதையும் ஆடுகிறவர் உணரவேண்டும். பழைய இஸ்ரேல் அரசின் தலைநகரான சமாரியாவிலிருந்து மட்டும் 27,290 பேரைக் கொண்டுபோனதாக அசிரிய அரசர் இரண்டாம் சர்கோன் எழுதிவைத்திருக்கிறார். அவர் வரைக்கும் அது ஒரு கணக்கு.

ஆட்டத்தில் இதைக் கொண்டுவர வழி இருக்கிறது. 0 ஏ.டி.யில் எதிரியின் கட்டடத்தை இடிக்காமல் கைப்பற்றலாம். பயிற்சிப் பட்டியலில் "உரிமையாளரின் நாடு", "கட்டடத்தின் பூர்வீக நாடு" என்று இரண்டு வகைக் குறிப்புகள் உண்டு. பொதுப் படைவீட்டு டெம்ப்ளேட்டில் இரண்டாவதைச் சேர்த்து, அசிரியாவுக்கு மட்டும் திறக்கும் ஒரு தொழில்நுட்ப நிபந்தனை வைத்திருக்கிறேன். ரோமின் படைவீட்டைப் பிடித்தால் ரோமானிய வீரனையே அசிரியாவுக்காகப் பழக்கலாம். சமாரியாவின் தேர்ப்படையைச் சர்கோன் அப்படித்தான் தன் படையில் சேர்த்துக்கொண்டார்.

யானை?

படையில் இல்லை. சிரியப் பகுதியில் அப்போது காட்டு யானைகள் இருந்தன, அரசர்கள் வேட்டையாடினார்கள். முதலாம் திக்லத் பிலேசர் பத்தைக் கொன்று நான்கை உயிரோடு பிடித்ததாகச் சொல்கிறார். போருக்கு ஓட்டியதாக இல்லை. யானை வேண்டுமென்றால் மௌரியரை எடுங்கள்.

என்னென்ன யூனிட் வருது?

குதிரைப்படையை மட்டும் விரிவாகச் சொல்லவேண்டும், அதில்தான் என் மனம் இருக்கிறது. கி.மு. 9-ஆம் நூற்றாண்டுச் சிற்பங்களில் குதிரைவீரர்கள் ஜோடியாகத்தான் போவார்கள். ஒருவன் இரண்டு குதிரையின் கடிவாளத்தையும் பிடித்துக்கொள்வான், மற்றவன் இரண்டு கையாலும் வில்லை இழுப்பான். தேரில் சாரதியும் வில்லாளியும் நின்ற பழக்கத்தை அப்படியே முதுகுக்கு மாற்றியிருக்கிறார்கள். 7-ஆம் நூற்றாண்டுக்குள் அவனவன் குதிரையை அவனவனே ஓட்டுகிறான். மோடில் ஆட்டத்தின் முதல் கட்டமான கிராமக் கட்டத்தில் ஜோடி, பிறகு வரும் நகரக் கட்டத்தில் தனி வீரன். ஜோடியை ஒரே யூனிட்டாக அசையவைப்பது இன்னும் சரியாக வரவில்லை.

காலாட்படைக்கு இதுவேய இனத்து வில்லாளிகளும் குர்ரேய இனத்து ஈட்டி வீரர்களும். விளையாட்டின் சாதாரண வீரன் போரில்லாத நேரத்தில் வயலில் வேலை செய்வான். நிலத்துக்கு ஈடாக அரசனுக்குச் சேவை செய்யும் "இல்கு" முறைக்கு அது அப்படியே பொருந்துகிறது.

மதில் இடிக்கும் வண்டிக்கு லாகீஷ் சிற்பத்தைத்தான் பார்த்தேன். கி.மு. 701-இல் அசிரிய அரசர் சென்னாகெரிப் யூதேயாவின் லாகீஷைப் பிடித்த காட்சி, இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மதில்மேலிருந்து தீப்பந்தங்கள் விழுகின்றன. வண்டிக்குள் ஒருவன் நீண்ட அகப்பையால் தண்ணீரை மொண்டு முன்பக்கத்தில் ஊற்றிக்கொண்டே இருக்கிறான். அந்த அகப்பைக்காரன் என் வண்டியிலும் நிற்கிறான். விளையாட்டின் வழக்கமான மதில் இடிக்கும் வண்டி ஆட்களைத் தாக்காது. முற்றுகைக் கோபுரத்தில், உள்ளே இருப்பவர்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப அம்பு பறக்கும் பகுதியை எடுத்து இதில் பொருத்தினேன். விலையையும் கூட்டியிருக்கிறேன்.

ஹீரோக்கள் மூணு பேரும் ராஜாக்களா? ராணி யாருமே இல்லையா அக்கா?

இருக்கிறார். திக்லத் பிலேசர், சென்னாகெரிப் இருவரோடு மூன்றாவதாகச் சம்முராமத். மூன்றாம் அதத்-நிராரியின் தாய். கி.மு. 745-க்கு முந்தியவர் என்பதால் என் கால எல்லையைத் தாண்டுகிறார், தெரிந்தே தாண்டினேன். மகனோடு சேர்ந்து யூப்ரடீஸைக் கடந்தார் என்று ஓர் எல்லைக்கல்லே சொல்கிறது. அவரை வைத்துக் கிரேக்கர்கள் கதைகட்டிய செமிராமிஸ் ராணியை ஒதுக்கிவிட்டு அந்தக் கல்லில் இருக்கிற பெண்ணை மட்டும் எடுத்திருக்கிறேன். (அக்கா இல்லை, அண்ணன்தான்!)

பொருளாதாரம் எப்படி? கொள்ளை மட்டும்தானா?

இல்லை. பேரரசாவதற்கு ஆயிரம் ஆண்டுக்கு முன்பே அசிரியாவின் மூல நகரமான அசூர் ஒரு வணிக ஊர். கி.மு. 1900 வாக்கில் தகரத்தையும் துணியையும் கழுதைமேல் ஏற்றி, இன்றைய துருக்கியில் உள்ள கானேஷுக்குக் கொண்டுபோய் விற்று, வெள்ளியும் பொன்னும் வாங்கி வந்தார்கள். அவர்களின் களிமண் பலகைகள் அங்கே 20,000-க்கு மேல் கிடைத்திருக்கின்றன. அதனால் மலிவான கழுதை வணிகன் கிராமக் கட்டத்திலேயே கிடைப்பான்.

கிரகணத்துக்கு ஏதாச்சும் நிகழ்வு வருமா? ஜோசியம் பார்ப்பாங்கன்னு படிச்சிருக்கேன்.

சாதாரண ஆட்டத்தில் வராது, தனிக் காட்சி வரைபடம் ஒன்றில் ட்ரிக்கர் (குறித்த நேரத்தில் தானே இயங்கும் நிரல்) எழுதி வைக்கிறேன். அசிரியர்கள் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஓர் அதிகாரியின் பெயரை வைப்பார்கள். புர்-சகலே பெயருள்ள ஆண்டில் சூரிய கிரகணம் என்று குறித்திருக்கிறார்கள். அது கி.மு. 763 ஜூன் 15. மற்ற ஆண்டுகளைக் கணக்கிட அந்த ஒரு வரிதான் ஆணிவேர். கெட்ட சகுனமான கிரகணம் வந்தால் வேறு ஒருவரை அரியணையில் உட்காரவைத்து அரசர் ஒதுங்கிக்கொள்வதும் உண்டு, எசர்ஹத்தோன் செய்திருக்கிறார். வரைபடத்தில் ஹீரோ சில நிமிடம் களத்தைவிட்டு மறைவார். அவர் இல்லாமல் தாக்குப்பிடிக்கவேண்டும்.

அசிரியர்னு இப்ப யாராவது இருக்காங்களா? இல்ல எல்லாம் பழைய கதைதானா?

இருக்கிறார்கள். ஈராக்கின் நினிவே சமவெளியிலும், சிரியாவிலும், ஈரானிலும், புலம்பெயர்ந்த நாடுகளிலும். அரமேயத்தின் வழிவந்த சூரெத் பேசுகிறார்கள். ஏப்ரல் 1-இல் புத்தாண்டு கொண்டாடுகிறார்கள். 1915-இல் ஓட்டோமான் ஆட்சியில் படுகொலை, 1933 ஆகஸ்டில் ஈராக்கின் சிமேலேயில் மறுபடி. 2015-இல் நினிவேயின் வாசலில் நின்ற இறக்கைக் காளையின் முகத்தைத் துளைப்பொறியால் சிதைத்த காணொளியைப் பார்த்திருப்பீர்கள். அவர்களின் கீழைத் திருச்சபை நமக்கும் தூரமில்லை. கி.பி. 849-இல் கொல்லத்துத் தரிசாப்பள்ளி தேவாலயத்துக்கு நிலமும் உரிமையும் கொடுத்த வட்டெழுத்துச் செப்பேடு அந்தக் கீழைத் திருச்சபை வழிவந்த கிறிஸ்தவர்களுக்குக் கொடுக்கப்பட்டது.

அதனால் இரண்டு முடிவு எடுத்தேன். நாட்டின் சின்னம் பழைய சிற்பத்தில் இருக்கும் இறக்கை வட்டம். இன்றைய அசிரியக் கொடியைத் தொடமாட்டேன், அது உயிரோடு இருக்கும் மக்களுடையது. அடுத்தது, நாட்டு அறிமுகத்தில் "அழிந்துபோன இனம்" என்று எழுதமாட்டேன். விழுந்தது அரசு.

வீரர்களைச் சொடுக்கினா என்ன மொழில பேசுவாங்க?

யூனிட் கோப்பில் மொழிக்கென்று தனி வரி இருக்கிறது, அதை வைத்துத்தான் குரல் கோப்புகளை எடுக்கும். அதிகாரிகளுக்கும் ஹீரோக்களுக்கும் அக்காதியம், உழைப்பாளிகளுக்கும் துணைப்படைக்கும் அரமேயம் என்று பிரித்திருக்கிறேன். அக்காதிய வாக்கியங்கள் தயார். அரமேயத்தை, வீட்டில் சூரெத் பேசி வளர்ந்த ஒருவர் கேட்டுத் திருத்தும்வரை பதிவு செய்யப்போவதில்லை. அதுவரைக்கும் எங்கள் உழவர்கள் பேசாமலே அறுவடை செய்வார்கள்.