உப்புக்காற்றில் ஏ.சி. எத்தனை வருஷம் தாங்கும்? வாசகர் கேள்வி பதில்

எங்கள் வாப்பா 2001-இல் சவூதியிலிருந்து வந்திருந்தபோது வாங்கி மாட்டிய ஒன்றரை டன் விண்டோ ஏ.சி. இன்னும் ஹாலில் ஓடுகிறது. சத்தம் அதிகம், ஆனால் குளிர்ச்சிக்குக் குறைவில்லை. படுக்கையறைக்கு 2018-இல் வாங்கிய ஸ்பிளிட், காயில் என்கிற குழாய்ச்சுருளில் ஓட்டை என்று நாலாவது வருஷமே போய்விட்டது. அதற்குப் பதிலாக வாங்கியதும் இப்போது அதே நிலைமையில் இருக்கிறது. சீக்கிரம் கெட்டுப்போகட்டும் என்றே செய்து விற்கிறார்களா?
வாசகி, கீழக்கரை

உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் வேண்டுமென்றே கெட்டுப்போகச் செய்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. மின்சாரத்தை மிச்சப்படுத்த வேண்டும், விலையும் குறைய வேண்டும் என்று இரண்டு பக்கமும் இழுத்ததில் இயந்திரம் மெலிந்துவிட்டது. கோயம்புத்தூரில் அந்த மெலிவு பெரிதாகத் தெரியாது. கீழக்கரையில் நாலே வருஷத்தில் தெரிந்துவிடுகிறது.

உங்கள் வாப்பா வாங்கிய காலத்து ஏ.சி.க்குள் இருந்தது ஆர்-22 கேஸ். காயில் குழாய் பெரும்பாலும் 9.5 மில்லிமீட்டர் விட்டத்தில் இருக்கும், அதன்மேல் ஃபின் என்கிற மெல்லிய அலுமினியத் தகடுகளைக் கொஞ்சம் இடைவெளி விட்டுத்தான் அடுக்கியிருக்கும். இப்போது வருபவற்றில் 7 மில்லிமீட்டர், 5 மில்லிமீட்டர் குழாய்கள். சின்னக் குழாயில் வெப்பம் சீக்கிரம் கைமாறும், கேஸும் குறைவாகப் போதும், அதனால்தான் நட்சத்திரம் கூடுகிறது. கூடவே அழுத்தமும் கூடிவிட்டது. ஆர்-22-ஐ விட ஆர்-410ஏ சுமார் 1.6 மடங்கு அழுத்தத்தில் ஓடும், இன்று பரவலாக வரும் ஆர்-32-வும் கிட்டத்தட்ட அதே அழுத்தம்தான். குழாயின் சுவர் மெல்லிசு, உள்ளே அழுத்தம் அதிகம், வெளியே உப்பு. அரிப்பு கொஞ்சம் உள்ளே இறங்கினாலே கேஸ் வெளியே வந்துவிடும்.

உப்பு என்ன செய்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகள் காற்றோடு வந்து ஃபின்னில் படிகின்றன. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானே தண்ணீரை இழுத்துக்கொண்டு கரையும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருப்பதால் அதைவிடக் குறைந்த ஈரத்திலேயே கசியத் தொடங்கிவிடும். நம் ஊர் ராத்திரிகளில் ஈரப்பதம் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும், துணி காயாது. ஆக, பார்வைக்கு உலர்ந்து தெரிகிற ஃபின்கூட இரவெல்லாம் உப்புநீரில் நனைந்துகொண்டுதான் இருக்கிறது. செம்பும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருக்கிற இடத்தில் உப்புநீர் நின்றால் அங்கே ஒரு சின்ன மின்கலமே உருவாகி, அலுமினியம் கரைய ஆரம்பிக்கும். வெளியே மாட்டியிருக்கும் அவுட்டோர் பெட்டிக்குப் பின்னால் விரலை வைத்துத் தேய்த்துப் பாருங்கள். வெள்ளை வெள்ளையாக மாவு ஒட்டினால் அது தூசி இல்லை, உங்கள் ஃபின்.

சரி, அந்தப் பழைய விண்டோ மட்டும் எப்படித் தப்பித்தது? இரண்டு காரணம் சொல்வேன். ஒன்று, விண்டோவில் கேஸ் ஓடுகிற பாதை முழுவதும் ஃபேக்டரியிலேயே பற்றவைத்து மூடிய ஒரே சுற்று. ஸ்பிளிட்டில், உங்கள் வீட்டுச் சுவரில் நின்றுகொண்டு மெக்கானிக் குழாய் முனையை விரித்து (ஃபிளேர் செய்து) நட்டு முறுக்கிய நாலு இணைப்புகள் இருக்கின்றன, அதில் இரண்டு வெளியே உப்புக்காற்றில். இன்னொன்று பலர் கவனிக்காதது: பல விண்டோ மாடல்களில், உள்காயிலில் சொட்டுகிற தண்ணீரை வெளிக்காயில் மேல் வாரி அடிக்கும்படி பின்பக்க ஃபேனில் ஒரு வளையம் இருக்கும். காற்றின் ஈரம் குளிர்ந்து விழுகிற தண்ணீர் என்பதால் அதில் உப்பே கிடையாது. குளிர்ச்சியைக் கூட்டுவதற்காக வைத்த ஏற்பாடுதான், ஆனால் நம் கடற்கரையில் அது தினமும் காயிலைக் கழுவிவிட்டிருக்கிறது.

அதே சமயம் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். 2001 வாக்கில் உங்கள் தெருவில் மாட்டிய ஏ.சி.கள் எல்லாமா இன்று ஓடுகின்றன? செத்துப்போனவை பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டன, பிழைத்தது மட்டும் நம் கண்ணில் படுகிறது. பழைய ஏ.சி. சாகாது என்று நம்பிவிடக் கூடாது.

எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது வேறு. 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தைத் துருவிலிருந்து காப்பாற்ற எவ்வளவு பாடுபட்டார்கள் என்பது நம் ஜில்லாவில் எல்லோருக்கும் தெரியும். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்துக்குத் துருப்பிடிக்காத கம்பி, பாலிசிலாக்சேன் பூச்சு என்று இந்தக் காற்றுக்கென்றே யோசித்துச் செய்தார்கள். ஆனால் வீட்டு ஏ.சி. மட்டும் மலையடிவார ஊருக்கும் மண்டபத்துக்கும் ஒரே மாடல், ஒரே பூச்சு. விற்கிறவரும், கடலிலிருந்து எவ்வளவு தூரம் என்று கேட்பதில்லை. கேட்க வேண்டும்.

வாப்பாவின் ஏ.சி.யை வைத்துக்கொள்வதா என்றால், பகலில் விருந்தாளி வரும்போது மட்டும் போடுகிற ஹாலில் அது ஓடட்டும். தினமும் ராத்திரி முழுக்க ஓடுகிற அறைக்கு வேண்டாம். அந்தக் காலத்து ஒன்றரை டன் விண்டோ சுமார் 1,800 வாட் இழுக்கும். எட்டு மணி நேரத்துக்கு, நடுவில் கம்ப்ரசர் நின்று நின்று ஓடினாலும் 10 யூனிட் ஆகிவிடும். நல்ல ஐந்து நட்சத்திர இன்வெர்ட்டர் ஏ.சி., அறை குளிர்ந்தபின் வேகத்தைக் குறைத்துக்கொள்வதால் அதில் பாதியோடு நின்றுவிடும். இரண்டு மாத பில்லில் 500 யூனிட்டைத் தாண்டினால் கணக்கே மாறிவிடுகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

வருஷா வருஷம் ஏப்ரலில் மெக்கானிக் வந்து கேஸ் போட்டுவிட்டுப் போகிறார். ஏ.சி. என்றால் கேஸ் குறையத்தானே செய்யும் என்கிறார். அப்படித்தானா சார்?
வாசகர், பாம்பன்

இல்லவே இல்லை. மூடிய சுற்றுக்குள் ஓடுகிற கேஸ் செலவாகாது. குறைந்தது என்றால் எங்கோ ஓட்டை. ஓட்டையை அடைக்காமல் கேஸ் போடுவது உங்கள் காசைக் காற்றில் விடுவது.

முதலில் அவுட்டோர் பக்கவாட்டில் இருக்கும் இரண்டு நட்டுகளைப் பாருங்கள். கேஸோடு கொஞ்சம் ஆயிலும் கசியும், அதில் தூசி ஒட்டி அந்த இடம் பிசுபிசுவென்று கறுத்திருக்கும். செம்பில் பச்சை பூத்திருந்தால் அங்கேயும் சந்தேகப்படுங்கள். வெளியே ஒன்றும் அகப்படவில்லை என்றால் மெக்கானிக்கிடம், நைட்ரஜன் ஏற்றி சோப்புத் தண்ணீர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பிரஷர் கேஜ் முள் சில மணி நேரம் அசையாமல் நிற்கிறதா என்பதுதான் சோதனை.

இன்டோர் காயிலிலும் ஓட்டை விழும், அதற்கு உப்பு மட்டும் காரணமில்லை. புது பிளைவுட் அலமாரி, வார்னிஷ், பசை, சில கிளீனர்கள் இவற்றிலிருந்து கிளம்பும் ஃபார்மிக், அசிட்டிக் அமில ஆவி ஈரமான செம்பில் படிந்து, எறும்புப் புற்று போல உள்ளுக்குள் கிளைவிட்டு அரித்துக்கொண்டு போகும். கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னத் துளை. வீடு கட்டிப் புதிதாக மர வேலை முடிந்ததுமே ஏ.சி. மாட்டுபவர்கள், சில வாரம் ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு அப்புறம் அறையை மூடுவது நல்லது.

ஓட்டையை அடைத்தபின் வேக்கம் பம்ப் போட்டு உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சிவிட்டு, கேஸைத் தராசில் எடை பார்த்துத்தான் ஏற்ற வேண்டும். எத்தனை கிராம் என்பது அவுட்டோரில் ஒட்டிய ஸ்டிக்கரிலேயே இருக்கும். ஆர்-32 கொஞ்சம் தீப்பிடிக்கும் தன்மை உள்ளது. அதனால் மூடிய அறையில் கேஸைத் திறந்துவிட்டு அங்கேயே பற்றவைக்க விடாதீர்கள்.

புதிதாக வாங்கப் போகிறேன். கடற்கரைக்கு 300 மீட்டர்தான். செம்பா, அலுமினியமா? மூன்று நட்சத்திரமா, ஐந்தா?
வாசகர், மண்டபம்

செம்பு. அலுமினியக் குழாய் மோசம் என்பதால் இல்லை. அதில் ஓட்டை விழுந்தால் நம் ஊரில் பற்றவைத்துத் தரக்கூடியவர்கள் குறைவு, அப்படியே காயிலை மாற்று என்பார்கள். செம்பு என்றால் எந்த மெக்கானிக்கும் பிரேசிங் செய்துவிடுவார். ஆனால் 'நூறு சதவீதம் காப்பர்' என்று எழுதியிருந்தாலும் ஃபின் அலுமினியம்தான், அதனால் ஃபின்னுக்கு நீலமோ தங்க நிறமோ பூச்சு இருக்கிறதா, அது அவுட்டோர், இன்டோர் இரண்டிலும் இருக்கிறதா என்று கேளுங்கள். பூச்சு அரிப்பைத் தள்ளிப்போடும், தடுத்துவிடாது.

கம்ப்ரசருக்குப் பத்து வருஷ வாரண்டி என்பதைப் பெரிதாக எழுதுவார்கள். கடற்கரையில் முதலில் போவது கம்ப்ரசர் அல்ல, காயிலும் எலக்ட்ரானிக் போர்டும்தான். வாரண்டி அட்டையில் காயில் உண்டா, துரு அரிப்பால் வந்த பழுதை விலக்கியிருக்கிறார்களா, கேஸ் சேர்த்தியா என்று காசு கொடுப்பதற்கு முன்னால் படியுங்கள்.

நட்சத்திரத்தைப் பொறுத்தவரை, லேபிளில் போட்டிருக்கும் வருஷ யூனிட் கணக்கு 1,600 மணி நேரத்துக்கானது. நீங்கள் அதைவிட அதிகம் ஓட்டினால் ஐந்து வாங்குங்கள். கோடையில் இரண்டு மாதம் மட்டும் என்றால் மூன்றே போதும், மிச்சக் காசில் நல்ல ஸ்டாண்டும் ஸ்டெபிலைசரும் வாங்கலாம்.

இரண்டு வருஷத்தில் இரண்டு முறை போர்டு போய்விட்டது. ஏ.சி.யையே மாற்றிவிடச் சொல்கிறார்கள்.
வாசகி, ஏர்வாடி

பழைய ஏ.சி.யில் ஒரு தெர்மோஸ்டாட், ஒரு சுவிட்ச், ஒரு கெப்பாசிட்டர், அவ்வளவுதான். கெப்பாசிட்டர் போனால் சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். இன்வெர்ட்டர் ஏ.சி.யில் கம்ப்ரசரின் வேகத்தை மாற்றுகிற போர்டு அவுட்டோருக்குள்ளேயே, உப்பு வருகிற வழியிலேயே இருக்கிறது. பழைய ஏ.சி. நீடித்தது என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு, அதை மலிவாகப் பழுதுபார்க்க முடிந்தது என்பதுதான்.

மாற்றுவதற்கு முன் மூன்றைப் பாருங்கள். எர்த் சரியாக இருக்கிறதா, இது முதல். உங்கள் ஊரில் மின்சாரம் போய்த் திரும்பும்போது வோல்டேஜ் எகிறுகிறதா, அப்படியானால் 'ஸ்டெபிலைசர் தேவையில்லை' என்று பெட்டியில் எழுதியிருந்தாலும் ஸ்டெபிலைசர் போட்டுவிடுங்கள். அப்புறம் பல்லி. ஒயர் போகிற துளை வழியாக உள்ளே நுழைந்து போர்டில் ஷார்ட் ஆகி அதுவும் சாகும், போர்டும் போகும், அந்தத் துளைகளை அடைத்தாக வேண்டும். மதுரை, ராமநாதபுரம் பக்கம் போர்டு பழுதுபார்ப்பவர்கள் இருக்கிறார்கள். சரிசெய்த போர்டின் மேல் ஈரம் புகாத கோட்டிங் ஒன்று அடித்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். இரண்டு போர்டு போனதற்காக நல்ல காயிலும் கம்ப்ரசரும் உள்ள ஏ.சி.யைத் தூக்கிப் போட வேண்டாம்.

அவுட்டோரை எங்கே வைக்கலாம்? வீட்டைப் பூட்டிவிட்டு ஆறேழு மாதம் வெளிநாட்டில் இருப்போம், பிளாஸ்டிக் கவர் போட்டு மூடலாமா?
வாசகர், தொண்டி

உங்களுக்குக் கடல் கிழக்கே, வாடைக்காற்று நேராக வந்து அடிக்கும். மேற்குச் சுவரில் வையுங்கள். கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம்காரர்களுக்குக் கடல் தெற்கே, அங்கே வடக்குச் சுவர். ராமேசுவரம் தீவில் எந்தப் பக்கமும் கடல்தான், காற்று நேராகப் படாத மறைவு பார்த்து, ஆனால் சூடான காற்று வெளியே போக முன்னால் இடம் விட்டு வைக்க வேண்டும். சன்ஷேடுக்கு அடியில் வைத்தால் மழைத் தண்ணீர் படாது, அதனால் உப்பு கழுவப்படாமலே சேரும். மாதம் ஒரு முறை நீங்களே கழுவிவிட்டால் போதும்.

கழுவுகிற தண்ணீர்தான் முக்கியம். போர் தண்ணீரை அடிக்காதீர்கள், நம் கடற்கரையில் பல இடங்களில் அதுவே உப்பு. குடிக்கிற காவிரித் தண்ணீரை இதற்கு ஊற்ற மனசு வராது, நியாயம்தான். இன்டோர் டிரெய்ன் குழாயின் அடியில் ஒரு வாளி வையுங்கள். நம் ஊர் ஈரத்துக்கு ஒரே ராத்திரியில் வாளி நிறைய உப்பில்லாத தண்ணீர் கிடைக்கும். மெயினை அணைத்துவிட்டு, ஃபின் வளையாமல் மேலிருந்து கீழே மெதுவாக ஊற்றுங்கள், ஹை பிரஷர் பம்ப் வேண்டாம், போர்டு இருக்கிற பக்கம் தண்ணீர் போகாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிளாஸ்டிக் கவர் போட்டு இறுக்கிக் கட்டவே கூடாது. உள்ளே ஈரம் அடைந்து நின்று, திறந்து வைத்ததைவிட வேகமாக அரிக்கும். கிளம்புவதற்கு முந்தின நாள் நன்றாகக் கழுவி, வெயிலில் காயவிட்டு, மேலே மட்டும் ஒரு தகடு வைத்துவிட்டு, எம்.சி.பி.யை இறக்கிவிட்டுப் போங்கள். சாவி வைத்திருக்கும் சொந்தக்காரரிடம், மாதம் ஒரு நாள் வந்து ஒரு வாளி நல்ல தண்ணீர் ஊற்றிவிட்டு, தண்ணீர் காய்ந்தபிறகு அரை மணி நேரம் ஏ.சி.யை ஓட விடச் சொல்லுங்கள்.