பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு இன்னும் ஏன் இவ்வளவு மவுசு?

இங்கிலாந்தில் 1950களிலிருந்து 70கள் வரை தயாரான, பெரும்பாலும் இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய, கூரையை மடக்கி வைக்கக்கூடிய சிறிய கார்களைத்தான் பொதுவாக இப்படிச் சொல்கிறோம். எம்ஜி, டிரையம்ப், ஆஸ்டின்-ஹீலி, லோட்டஸ் நிறுவனங்களின் கார்கள் எல்லாம் இந்த வகை.

ஈர்ப்புக்கு ஒரு காரணம் குறைந்த எடை. 1962-இல் வந்த லோட்டஸ் எலான் 700 கிலோவைக்கூட எட்டவில்லை. எடை குறைந்தால் சின்ன எஞ்சினே போதும், வளைவில் வண்டி சொன்னபடி திரும்பும். அப்புறம், இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு, ஸ்டியரிங்கை லேசாகத் திருப்ப உதவும் பவர் ஸ்டியரிங் கிடையாது. சாலையின் ஒவ்வொரு மேடுபள்ளமும் நேராகக் கைக்கு வந்து சேரும். ஏசி பஸ்ஸில் போவதற்கும் சைக்கிளில் போவதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது. சைக்கிளில் வேகம் குறைவு, ஆனால் காற்றும் கல்லும் நமக்குத் தெரியும். என்னைக் கேட்டால், மற்ற எல்லாக் காரணங்களும் இந்த நேரடி உணர்வுக்கு அடுத்துதான். 1989-இல் ஜப்பானின் மாஸ்டா நிறுவனம் எம்எக்ஸ்-5 காரைக் கொண்டுவந்தபோது, இந்த அனுபவத்தைத்தான் மீட்டெடுக்க நினைத்தது. அதுவும் நன்றாகவே விற்றது.

பழுது பார்ப்பதும் எளிது. எம்ஜி நிறுவனத்தின் எம்ஜிபி மாடல் மட்டும் 1962 முதல் 1980 வரை 5 லட்சத்துக்கும் மேல் தயாரானது. அதனால் உதிரிபாகங்கள் இன்றும் புதிதாகவே கிடைக்கின்றன. முழு பாடியைக்கூடப் புதிதாக வாங்கலாம்.

இவை பணக்காரர்களின் அதிவேகக் கார்கள் என்ற எண்ணம் பலருக்கு உண்டு. ஜாகுவார் இ-டைப் போன்ற சிலவற்றுக்கு அது பொருந்தலாம். எம்ஜிபி சாதாரண சம்பளக்காரர்களுக்காக வந்த வண்டி, இன்றைய குடும்பக் கார்கள் பலவும் அதை எளிதாக முந்திவிடும்.