ஜப்பானில் பொதுக் குளியல் கூடத்தை (செந்தோ) தினமும் எப்படி நடத்துகிறார்கள்? குளிக்கக் காசு வாங்கி ஒரு கடை பிழைக்க முடியுமா?

முடியும், ஆனால் கஷ்டம். நான் டோக்கியோவில் எடோகாவா வட்டத்தில் இருக்கிறேன் (நிஷி கசாய் என்றால் நம்மவர்கள் பலருக்குத் தெரிந்திருக்கும்). மொழிப்பள்ளியில் படித்த காலத்தில் பக்கத்துத் தெரு செந்தோவில் இரவு சுத்தம் செய்யும் பகுதிநேர வேலை பார்த்தேன். அதனால் இந்தப் பதில் கொஞ்சம் பிரஷ் பிடித்தவன் பக்கமிருந்துதான் வரும்.

குளிக்க வருபவர்களுக்கு, பிற்பகல் மூன்றரை வாக்கில் வாசலில் நோரென் என்ற திரைத்துணி ஏறியதும் திறந்து நள்ளிரவில் மூடுகிற கடை அது. நடத்துபவர்களுக்கோ மதியமே நாள் தொடங்கிவிடுகிறது. பாய்லரைப் பற்றவைத்து, தொட்டிகளை நிரப்பி, நீர் 42, 43 டிகிரிக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். டோக்கியோவில் பல கூடங்கள் கிணற்று நீரைத்தான் சுட வைக்கின்றன. மாநகராட்சித் தண்ணீரை மட்டும் நம்பினால் கட்டுப்படியாகாது. முன்பெல்லாம் இடித்த வீடுகளின் உத்தரமும் பலகையும்தான் விறகு. இன்று பெரும்பாலும் காஸ். விறகை விடாதவர்களும் சிலர் இருக்கிறார்கள், ஆனால் அடுப்புப் பக்கம் ஓர் ஆள் நாள் முழுக்க நின்றாக வேண்டும்.

திறப்பதற்கு முன்பே வாசலில் தாத்தாக்கள் கூடிவிடுவார்கள். யாரும் இறங்காத முதல் நீர் அவர்களுக்கு வேண்டும், அதுவும் கொதிக்கக் கொதிக்க. யாராவது புதிதாக வந்து குளிர்நீர்க் குழாயைத் திறந்துவிட்டால் முணுமுணுப்பு கிளம்பும். எங்கள் கூடத்தில் ஒரு தொட்டியைச் சூடாகவும் இன்னொன்றை மிதமாகவும் வைத்து முதலாளியம்மா இந்தப் பஞ்சாயத்தைத் தீர்த்திருந்தார்.

அவரை எல்லோரும் ஒகாமி-சான் என்றுதான் கூப்பிடுவோம். அந்தக் காலத்துக் கூடங்களில் ஆண்கள் பக்கமும் பெண்கள் பக்கமும் தெரிகிற மாதிரி நடுவில் பந்தாய் என்ற உயரமான மேடை இருக்கும். காசு வாங்குபவர் அதில் உட்கார்ந்திருப்பார். இப்போது பெரும்பாலும் ஹோட்டல் வரவேற்பு மாதிரி வெளியே மேசை போட்டுவிட்டார்கள். காசு வாங்குவது ஒகாமி-சான் வேலையில் பாதிதான். தினமும் வரும் கிழவர் ஒருவர் உள்ளே போய் ரொம்ப நேரம் ஆகிவிட்டதென்றால் ஆளை அனுப்பிப் பார்க்கச் சொல்வார். சூட்டில் தலைசுற்றி உட்கார்ந்துவிடுவது சகஜம். கிளம்பும் ஒவ்வொருவருக்கும், மணி ஏழானாலும் சரி, "ஒயாசுமி நசாய்" என்று இரவு வணக்கம் சொல்லி அனுப்புவார்.

கடை மூடிய பிறகுதான் என் வேலை. ரப்பர் பூட்ஸ், நீளக் கைப்பிடி பிரஷ். தொட்டி நீரைத் திறந்துவிட்டு, அது இறங்குவதற்குள் தரை டைல்ஸைத் தேய்க்க வேண்டும். அப்புறம் உட்காரும் முக்காலிகள், மஞ்சள் வாளிகள். அடியில் கெரோரின் என்ற வலி மருந்தின் பெயர் அச்சடித்த வாளி அது. 1963-இல் விளம்பரத்துக்காக வந்தது, நாடு முழுக்கப் பரவி இன்றும் புழங்குகிறது. ஒசாகா பக்கத்தில் தொட்டியிலிருந்தே நீரை மொண்டு ஊற்றிக்கொள்ளும் பழக்கம் உண்டு. பெரிய வாளியென்றால் கை வலிக்கும் என்று அங்கே சின்னதாகச் செய்து அனுப்புகிறார்கள்.

எல்லாவற்றையும்விட மோசமானது முடிக்கூடை. தொட்டி நீர் குளிக்கும் நேரம் முழுக்கப் பம்ப் வழியாக வடிகட்டிக்குப் போய்த் திரும்பி வரும். பம்ப்புக்கு முன்னால் ஒரு உலோகக் கூடை. மூடியைக் கழற்றி அதை வெளியே எடுத்தால் முடி, பிளாஸ்திரி, நூல் எல்லாம் சேர்ந்து வழுவழுவென்று ஒரு உருண்டை. அதை அன்றாடம் கழுவாவிட்டால் நிமோனியா தரும் லீஜியோனெல்லா கிருமிக்கு அதுவே வீடாகிவிடும். குளோரினையும் பார்க்க வேண்டும்: சின்னக் குப்பியில் தொட்டி நீரைப் பிடித்து மருந்து போட்டால் இளஞ்சிவப்பாக மாறும், அந்த நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டுப் பதிவேட்டில் எழுதுவோம். டோக்கியோவில் லிட்டருக்கு 0.4 மில்லிகிராமுக்குக் குறையக்கூடாது. டிசம்பரில் பகல் மிகக் குறுகிய நாளன்று தொட்டியில் யுசு என்ற எலுமிச்சை வகைப் பழங்களை மிதக்கவிடுவார்கள். வாசனை அருமை. ஆனால் குழந்தைகள் பிதுக்கி விளையாடிய விதையும் சக்கையும் எங்கே போய்ச் சேரும் என்று சொல்லத் தேவையில்லை. எல்லாம் முடிய இரவு இரண்டு மணி ஆகிவிடும்.

குளியல் கூடச் சுவரில் வரைந்திருக்கும் ஃபூஜி மலை ஓவியம் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். 1912-இல் டோக்கியோவின் கந்தாவில் ஒரு கூடத்தில் தொடங்கிய வழக்கம். வார விடுமுறையில் சாரம் கட்டி ஒரே நாளில் வரைந்து முடித்துவிடுவார்கள். இன்று அந்தத் தொழிலில் இருப்பவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

சரி, காசு விஷயம். கட்டணத்தை முதலாளி தீர்மானிக்க முடியாது. போர் முடிந்ததும் 1946-இல் வந்த விலைக் கட்டுப்பாட்டு ஆணை குளியல் கூடங்களுக்கு மட்டும் இன்னும் உயிரோடு இருக்கிறது. அதன்படி உச்சவரம்பை மாகாண ஆளுநர்தான் விதிக்கிறார். டோக்கியோவில் 2024 ஆகஸ்டில் அது 550 யென் ஆனது. காஸ் விலை ஏறினால் டீக்கடைக்காரர் மறுநாளே விலையைக் கூட்டலாம், இவர்களால் முடியாது. பதிலுக்குச் சொத்து வரி, தண்ணீர்க் கட்டணத்தில் சலுகை உண்டு. மீதியைச் சரிக்கட்டுவது சானா என்ற வெப்ப அறைக்குத் தனிக் கட்டணம், வாடகைத் துண்டு, குளித்துவிட்டுக் குடிக்கும் காபி பால், பக்கத்தில் காசு போட்டால் ஓடும் சலவை இயந்திரங்கள். 1968-இல் நாடு முழுக்கச் சுமார் 18,000 கூடங்கள் இருந்தன, இப்போது 2,000-க்கும் கீழே. வீட்டுக்கு வீடு குளியலறை வந்ததுதான் காரணம் என்பார்கள். உண்மைதான். ஆனால் நான் பார்த்தவரை, இரவு இரண்டு மணிக்கு முடிக்கூடை கழுவ முதலாளிகளின் பிள்ளைகள் தயாராக இல்லை என்பதும் அதே அளவு உண்மை.

போக நினைப்பவர்களுக்கு: ஆடை எதுவும் கிடையாது, வெட்கம் ஐந்து நிமிடத்தில் போய்விடும். முதலில் உட்கார்ந்து சோப்புப் போட்டு முழுக்கக் கழுவிவிட்டுத்தான் தொட்டியில் இறங்க வேண்டும், துண்டு நீரில் படக்கூடாது. சூடு தாங்காதவர்கள் திறந்தவுடன் போகாமல் இரவு ஒன்பது வாக்கில் போங்கள். மூடுவதற்குக் கால் மணி நேரம் முன்னால் மட்டும் தயவுசெய்து போகாதீர்கள். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், ஆனால் பின்கட்டில் ஒருவன் பூட்ஸ் போட்டுக்கொண்டு உங்களைத் திட்டிக்கொண்டிருப்பான்.