எக்ஸ்பான்ஷன் வாங்கினால் கடைசி நூறு டர்ன் சரியாகுமா?

வணக்கம்.

முறை (டர்ன்) வைத்து ஒரு நாகரிகத்தை வளர்க்கும் கணினி விளையாட்டான சிவிலைசேஷன் 6-ஐ, தனியாக விற்கும் கூடுதல் தொகுப்பான எக்ஸ்பான்ஷன் எதுவும் இல்லாமல் ஆடிவருகிறேன். முதல் 100 டர்ன் போவதே தெரிவதில்லை. 200 தாண்டினால் இழுவைதான். ஒவ்வொரு டர்னிலும் இருபது யூனிட்டை நகர்த்த வேண்டியிருக்கிறது. யார் ஜெயிக்கப்போகிறார்கள் என்பதும் அதற்குள் தெரிந்துவிடுகிறது. கடினத்தை உச்ச நிலையான டீய்ட்டி வரை ஏற்றிப் பார்த்தேன். தொடக்கம்தான் கடினமானது, கடைசிக் கட்டம் அப்படியே இருக்கிறது. ரைஸ் அண்ட் ஃபால், கேதரிங் ஸ்டார்ம் இரண்டும் வாங்கினால் சரியாகுமா? எக்ஸ்பான்ஷன் என்றாலே வேலையைக் கூட்டுவதுதான் என்கிறான் நண்பன்.

க.

*

அன்புள்ள க.,

உங்கள் கடிதத்தில் இரண்டு நோய்கள் கலந்திருக்கின்றன. டர்னுக்கு இருபது யூனிட் நகர்த்துவது ஒன்று. முடிவு முன்கூட்டியே தெரிந்துவிடுவது இன்னொன்று. முதலாவதை எந்த எக்ஸ்பான்ஷனும் குணப்படுத்தி நான் பார்த்ததில்லை. புதிய அமைப்பு ஒன்று வந்தால் அதைப் பராமரிக்கும் வேலையும் கூடவே வரும். அந்த அளவில் உங்கள் நண்பர் சொல்வது சரி. இரண்டாவதைச் சில எக்ஸ்பான்ஷன்கள் உண்மையாகவே குணப்படுத்தியிருக்கின்றன. நான் பார்ப்பது இரண்டு விஷயங்களை. புதிய விதி முதலிடத்தில் இருப்பவர் தலையில் விழுகிறதா, பின்தங்கியவர் தலையிலா? அதன் கணக்கு ஆட்டத்தின் தொடக்கத்திலேயே ஓட ஆரம்பிக்கிறதா, கடைசியில் கொண்டுவந்து ஒட்டியதா?

டீய்ட்டி ஏன் உதவவில்லை என்பதற்கும் இதுவே பதில். அங்கே ஏஐ, அதாவது கணினி ஆடும் எதிரி நாடு, கூடுதலாக எதையும் யோசிப்பதில்லை. நகரம் நிறுவும் செட்லர் மூன்றோடு தொடங்குகிறது, விளைச்சலிலும் சண்டையிலும் சலுகை பெறுகிறது, அவ்வளவுதான். நீங்கள் அதை எட்டிப்பிடிக்கும்வரைதான் போட்டி.

இந்தத் தொடரில் என் இரண்டு கேள்விக்கும் சரியான பதில் சொல்லக்கூடியது, அதாவது முதலிடத்தை அடிப்பதும் தொடக்கத்திலேயே கணக்கை ஆரம்பிப்பதும், 2013 ஜூலையில் சிவிலைசேஷன் 5-க்கு வந்த பிரேவ் நியூ வேர்ல்ட். அதற்கு முன் கலாச்சார வெற்றி என்றால் ஐந்து கொள்கை மரங்களை நிரப்பிவிட்டு உட்டோபியா புராஜெக்டைக் கட்டுவது. பக்கத்து நாட்டைத் திரும்பிக்கூடப் பார்க்க வேண்டாம். பிரேவ் நியூ வேர்ல்ட் அதைத் தூக்கிவிட்டுச் சுற்றுலாவைக் கொண்டுவந்தது. ஒரு நாட்டின் மேல் நீங்கள் சேர்த்த மொத்தச் சுற்றுலா, அந்த நாடு முதல் டர்னிலிருந்து சேர்த்துவைத்த மொத்தக் கலாச்சாரத்தைத் தாண்ட வேண்டும். எல்லா நாடுகளிடமும் தாண்டினால் வெற்றி.

இதை ஐடியாலஜியோடு முடிச்சுப் போட்டதுதான் அந்த எக்ஸ்பான்ஷனின் சாமர்த்தியம். மூன்று ஃபேக்டரி கட்டினாலோ, நவீன யுகத்துக்குள் நுழைந்தாலோ ஃப்ரீடம், ஆர்டர், ஆட்டோக்ரஸி மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வேறு ஐடியாலஜியை எடுத்த நாட்டுக்கு உங்கள்மேல் உள்ள சுற்றுலாச் செல்வாக்கு, உங்களுக்கு அதன்மேல் உள்ளதைவிட அதிகமென்றால் உங்கள் மக்களிடம் அதிருப்தி ஏறும். மோனுமென்ட், ஆம்ஃபிதியேட்டர் எல்லாவற்றையும் தள்ளிப்போட்டு லைப்ரரி, யுனிவர்சிட்டி என்றே ஓடியவர் டெக்கில் (தொழில்நுட்ப ஆய்வில்) எல்லோரையும் முந்தியிருப்பார். அவருடைய கலாச்சாரச் சேமிப்பு மெல்லியது. ஆகவே அடி அவருக்குத்தான் பலமாக விழும். மகிழ்ச்சிக் கணக்கு மைனஸுக்குப் போகும், நகரங்களின் வளர்ச்சி நிற்கும், படையின் வலு குறையும். மிகவும் முற்றினால் நகரமே எதிரணிக்குப் போய்விடும். ஐடியாலஜியை மாற்றித் தப்பிக்கலாம், ஆனால் சில டர்ன் அராஜகத்தில் கழியும். 20ஆவது டர்னில் கட்டாமல் விட்ட மோனுமென்ட்டுக்கு 250ஆவது டர்னில் வட்டியோடு கட்டுகிறோம். இப்படி ஒரு விதி இருக்கும் ஆட்டத்தில் 200ஆவது டர்னில் வெற்றியாளரை அறிவிக்க முடியாது.

அதிலும் குறை உண்டு. வணிகப் பாதைகளுக்கு மதிப்புக் கொடுப்பதற்காக ஆற்றங்கரை, கடற்கரைக் கட்டங்களிலிருந்து கிடைத்த தங்கத்தை எடுத்துவிட்டார்கள். தொடக்கத்தில் எல்லோர் கையிலும் காசு குறைந்தது. ஏஐ சண்டைக்கு வருவதும் குறைந்தது. கடைசிக் கட்டம் உயிர்பெற்றதற்கு முதல் கட்டம் கொஞ்சம் சாதுவானது. எனக்கு அது ஏற்கக்கூடிய பேரம்.

2007-இல் சிவிலைசேஷன் 4-க்கு வந்த பியாண்ட் த ஸ்வார்டில் ஒரே ஒரு சிறிய மாற்றம் இதே வேலையைச் செய்தது. விண்கலம் ஏவியவுடன் ஆட்டம் முடியாது. அது போய்ச்சேரச் சில டர்ன் ஆகும், அதற்குள் ஏவியவரின் தலைநகரைப் பிடித்தால் கலம் தொலைந்தது. தோற்றுக்கொண்டிருப்பவருக்குப் படையைத் திரட்ட ஒரு காரணம், ஜெயிப்பவருக்குத் தலைநகரில் காவல் வைக்க ஒரு காரணம். அதே எக்ஸ்பான்ஷனின் கார்ப்பரேஷன்கள் எதிர்ப்பக்கம். ஏற்கெனவே நிறைய வளங்களைக் குவித்தவருக்கு மேலும் உணவும் உற்பத்தியும் தருபவை அவை. அதற்காக நகரம் நகரமாக எக்ஸிக்யூட்டிவ் யூனிட்டை வேறு அனுப்ப வேண்டும்.

இனி உங்கள் கேள்விக்கு. 2018 பிப்ரவரியில் வந்த ரைஸ் அண்ட் ஃபாலில் உருப்படியானது லாயல்ட்டி. ஒவ்வொரு நகரத்துக்கும் 100 வரை விசுவாசக் கணக்கு. 9 கட்டத் தொலைவுக்குள் இருக்கும் மக்கள்தொகை அதை இழுக்கும். ஒரு யுகத்தில் சேர்த்த மதிப்பெண்ணைப் பொறுத்து அடுத்த யுகம் பொற்காலமாகவோ இருண்ட காலமாகவோ அமையும்; பொற்காலத்தில் இருக்கும் நாட்டின் மக்கள் ஒன்றரை மடங்கு இழுப்பார்கள், இருண்ட காலத்தில் பாதிதான். இதனால் படையெடுப்பின் முறையே மாறுகிறது. எதிரி நாட்டின் நடுவே ஒரே ஒரு நகரத்தைப் பிடித்தால் சில டர்னில் அது கலகம் செய்து கைநழுவும். அடுத்தடுத்து இருக்கும் இரண்டு மூன்று நகரங்களைச் சேர்த்துப் பிடிக்க வேண்டும். நகரத்துக்கு நியமித்த கவர்னர் ஒருவர் இருந்தால் டர்னுக்கு 8 லாயல்ட்டி கிடைக்கும், ஆனால் மற்ற கவர்னர்கள் நிலைகொள்ள 5 டர்ன் ஆகும், விக்டர் என்ற கவர்னருக்கு 3. ஆகவே முற்றுகைக்கென்று விக்டரை ஒதுக்கிவையுங்கள். பொற்காலம் கண்டவருக்கு அடுத்த பொற்காலத்துக்கான மதிப்பெண் வரம்பும் ஏறுகிறது. முன்னால் இருப்பவரைப் பிடித்து இழுக்கும் விதிதான், பிடி மட்டும் தளர்வு.

2019 பிப்ரவரியில் வந்த கேதரிங் ஸ்டார்மின் விளம்பரமெல்லாம் பருவநிலை மாற்றத்தைப் பற்றித்தான். என் கணக்கில் அதன் பலவீனமான பகுதியும் அதுவே. நிலக்கரியும் எண்ணெயும் எரிக்க எரிக்கக் கடல்மட்டம் உயர்ந்து தாழ்வான கரையோரக் கட்டங்கள் முழுகும். யோசனை பிரமாதம். தடுப்பதற்கான ஃப்ளட் பேரியர் கம்ப்யூட்டர்ஸ் டெக்கில் திறக்கிறது. கட்டும் செலவோ, காக்க வேண்டிய கட்டங்களின் எண்ணிக்கையோடும் அன்றைய கடல்மட்டத்தோடும் ஏறும். டெக்கில் முன்னால் இருப்பவர் கடல் உயருமுன் மலிவாகக் கட்டிவிடுவார். முதலில் தொழில்மயமாகிப் புகை விட்டவரும் பெரும்பாலும் அவரே. முழுகுவது பின்தங்கியவரின் துறைமுகம். நிஜ உலகமும் அப்படித்தான் என்பீர்கள். ஆட்டமாக அது ஏற்கெனவே ஜெயித்தவருக்குக் கொடுக்கும் போனஸ்.

அறிவியல் வெற்றியின் மாற்றத்திலும் பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறார்கள். எக்ஸோபிளானட் கலம் 50 ஒளியாண்டு போக வேண்டும். டர்னுக்கு ஒரு ஒளியாண்டு. ஒவ்வொரு லேசர் நிலையத்துக்கும் இன்னொன்று கூடும். எதிரி உங்கள் ஸ்பேஸ்போர்ட்டுகளைச் சூறையாடி லேசர் வேலையைத் தடுக்கலாம், கிளம்பிய கலத்தைத் தடுக்க முடியாது. பியாண்ட் த ஸ்வார்டில் தலைநகருக்கு இருந்த ஆபத்து இங்கே இல்லாததால், அந்தக் கடைசிப் பயணம் பெரும்பாலும் 'நெக்ஸ்ட் டர்ன்' பொத்தானை அழுத்துவதிலேயே கழிகிறது. உலக காங்கிரஸ் ஸ்டாண்டர்ட் வேகத்தில் 30 டர்னுக்கு ஒருமுறை கூடுகிறது. டிப்ளமேட்டிக் வெற்றிக்கு நெருங்குபவரின் புள்ளிகளை ஏஐ எல்லாம் சேர்ந்து வாக்களித்துக் குறைக்கும். முதலிடத்தைக் குறிவைக்கும் விதி கேதரிங் ஸ்டார்மில் இதுதான். அதுவும் அந்த ஒரு வெற்றிவகைக்கு மட்டும்.

கிளிக் சுமைக்கு வந்தால், விண்வெளிப் பேரரசு ஆட்டமான ஸ்டெல்லாரிஸை நினைவில் வையுங்கள். 2018 டிசம்பரில் மெகாகார்ப் எக்ஸ்பான்ஷனோடு வெளியான 2.2 பேட்ச் (புதுப்பிப்பு), கிரகங்களின் கட்ட அமைப்பை எடுத்துவிட்டு ஒவ்வொரு குடிக்கும் வேலை என்ற முறையைக் கொண்டுவந்தது. குடிகள் பெருகப் பெருகக் கடைசிக் கட்டத்தில் கணினியே திணறியது. ஆடுபவருக்கும் கிரகம் கிரகமாக வேலை. 2021-இல் 3.0 பேட்ச், பேரரசின் மொத்தக் குடித்தொகை ஏற ஏறப் புதிய குடி பிறப்பதைத் தாமதப்படுத்தி ஓரளவு கடிவாளம் போட்டது. இதில் எரிச்சலான விஷயம், மாற்றம் வந்தது இலவச பேட்சில். எக்ஸ்பான்ஷனை வாங்காதவரும் தப்பவில்லை.

உங்களுக்கு என் பரிந்துரை: இரண்டும் வாங்க வேண்டாம், கேதரிங் ஸ்டார்ம் மட்டும் போதும். ரைஸ் அண்ட் ஃபாலின் லாயல்ட்டி, கவர்னர், யுக விதிகள் அதற்குள்ளேயே இருக்கின்றன. அதன் நாடுகளும் தலைவர்களும் விடுபடும். வேகத்தை ஸ்டாண்டர்டிலிருந்து ஆன்லைனுக்கு மாற்றுங்கள், 500 டர்ன் 250 ஆகும். ஸ்மால் மேப்பில் 6 நாடுகள் வைத்தால் நெருக்கத்தால் லாயல்ட்டி உண்மையிலேயே கடிக்கும். ஹ்யூஜ் மேப்பில் அது தூங்கிவிடும். ஒவ்வொரு நகரத்திலும் ஐந்தாறு கட்டடங்களை உற்பத்தி வரிசையில் போட்டுவிடுங்கள்.

கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்க முடிந்தால் 2020-இல் தொடங்கிய நியூ ஃப்ரன்டியர் பாஸ் என்ற கூடுதல் தொகுப்பில் டிராமாட்டிக் ஏஜஸ் என்ற மோட் (விரும்பினால் ஆனில் வைக்கும் மாற்று விதி) இருக்கிறது. அதில் சாதாரண காலமே கிடையாது, பொற்காலம் அல்லது இருண்ட காலம். இருண்ட காலத்தில் விழுந்தால் சில நகரங்கள் உடனே பிரிந்துபோகும். 150ஆவது டர்னில் நிம்மதியாகக் காலை நீட்டியவரை எழுப்பி உட்காரவைக்கும் மோட் அது. அதே பாஸில் உள்ள மோனோபலீஸ் அண்ட் கார்ப்பரேஷன்ஸை ஆனில் வைக்காதீர்கள். ஆடம்பரப் பொருளில் ஏகபோகம் பிடித்தவருக்கு அது தரும் சுற்றுலாப் பெருக்கம் கலாச்சார வெற்றியைக் கேலிக்கூத்தாக்கிவிடும்.

உங்களிடம் சிவிலைசேஷன் 5 இருந்தால், இதையெல்லாம் வாங்குமுன் பிரேவ் நியூ வேர்ல்டை ஒருமுறை ஆடிப் பாருங்கள். அதற்கு முந்தைய எக்ஸ்பான்ஷனான காட்ஸ் அண்ட் கிங்ஸின் மதமும் உளவும் அதிலேயே வந்துவிடும், தனியாக வாங்க வேண்டாம்.