முழங்கால் வலியுள்ள தாயாருடன் வெர்னல் அருவிக்கு

வணக்கம். மே மாத இறுதியில் அமெரிக்காவின் கலிபோர்னியாவிலுள்ள யோசெமிட்டி தேசியப் பூங்காவுக்கு வரும் தங்கள் தாயாரை, முழங்கால் வலி இருக்கும் நிலையில், மிஸ்ட் டிரெயில் என்ற மலைப்பாதை வழியாக வெர்னல் அருவியின் உச்சிக்கு அழைத்துச் செல்லலாமா என்று கேட்டிருந்தீர்கள். உச்சி வரை வேண்டாம் என்பதே என் கருத்து.

பாதை தொடங்கும் இடமான ஹேப்பி ஐல்ஸிலிருந்து மெர்செட் ஆற்றை ஒட்டிச் செல்லும் தார்ப்பாதை, சுமார் 1.3 கிலோமீட்டரில் ஒரு மரப்பாலத்தை அடைகிறது. ஏற்றம் சற்றுக் கடுமைதான். நின்று நின்று ஏறினால் சமாளிக்கலாம். அங்கிருந்தே 317 அடி உயர அருவி தெரியும். கழிப்பறையும் குடிநீரும் உண்டு. அதற்கு மேல் 600-க்கும் அதிகமான கருங்கற்படிகள். பனி உருகி ஆறு பெருகும் அம்மாதத்தில் சாரல் அவற்றை நனைத்துக்கொண்டே இருப்பதால், ஏறுவதைவிட இறங்குவதுதான் முழங்காலைப் பதம்பார்க்கும். (வெயில் விழுந்தால் அச்சாரலில் காலடியிலேயே வானவில் தோன்றும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.)

தாயாருடன் ஒருவர் பாலத்தருகே தங்கட்டும். மேலே செல்பவர்கள், ஈரப்படிகளில் திரும்பாமல், கிளார்க் பாயின்ட் என்ற இடத்தின் வழியாக ஜான் மியூர் பாதையில் இறங்கலாம். தூரம் கூடினாலும் வழுக்கல் குறைவு. உச்சியில் கம்பித் தடுப்பைத் தாண்டி நீரில் இறங்கவே கூடாது. 2011 ஜூலையில் மூவர் அங்கேதான் அடித்துச் செல்லப்பட்டனர்.