டிஷ் திருப்புவது எப்படி? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: டெல்லிக்காரர் ஒருவரின் வீடியோவைப் பார்த்து அப்படியே டிடி ஃப்ரீ டிஷ் வைத்தேன். சிக்னலே இல்லை. (சென்னை)

அவர் தம் ஊருக்குச் சரியாகத்தான் சொல்லியிருப்பார். டிடி ஃப்ரீ டிஷ் வரும் ஜிசாட்-15 செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே, 93.5 டிகிரி கிழக்கில் இருக்கிறது. டெல்லிக்கு அது அடிவானத்திலிருந்து சுமார் 52 டிகிரி உயரம், சென்னைக்கு 68. திசைகாட்டியில் டெல்லிக்கு 149 டிகிரி, நமக்கு 134, கிட்டத்தட்ட நேர் தென்கிழக்கு. மதுரைக்காரர்கள் 122 வையுங்கள். டிஷ் ஆஃப்செட் வகை (சிக்னல் வாங்கும் முனை நடுவில் இல்லாமல் கீழே தள்ளி இருப்பது) என்பதால் அதன் முகம் 68 டிகிரிக்கு அண்ணாந்து நிற்காது, இருபது டிகிரிக்கு மேல் தாழ்ந்தே தெரியும். அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். முதலில் டிஷ் நிற்கும் குழாயில் ரசமட்டம் வையுங்கள். குழாய் சாய்ந்திருந்தால் டிஷ் பின்னால் உள்ள அளவுகோலை நம்ப முடியாது. போனில் திசை பார்க்கும்போது இரும்பிலிருந்து நாலு அடி தள்ளி நில்லுங்கள்.

கேள்வி: டாடா ப்ளேக்கு வைத்திருந்த பழைய டிஷ்ஷை சன் டைரக்ட் பக்கம் திருப்பினேன். ஸ்ட்ரெங்த் நிறைய, குவாலிட்டி மட்டும் ஏறவில்லை. (தாம்பரம்)

ஸ்ட்ரெங்த்தை விடுங்கள், அதில் இரைச்சலும் சேர்ந்துதான் வரும். படம் வருவது குவாலிட்டியால்.

டிஷ்ஷைத் திருப்பினீர்கள், சரி. டிஷ்ஷுக்கு முன்னால் கம்பி நுனியில் சிக்னலை வாங்கும் எல்.என்.பி-யைத் திருகினீர்களா? பலரும் விட்டுவிடுவது இதைத்தான். டாடா ப்ளே செயற்கைக்கோள் 83 டிகிரியில், சென்னைக்கு ஏறக்குறைய நேர் தெற்கே, அதற்கு எல்.என்.பி-யைப் பன்னிரண்டு டிகிரி போலத் திருகினால் போதும். சன் டைரக்டின் 93.5-க்கு இந்தத் திருகல் சுமார் 45 டிகிரி. பழைய நிலையிலேயே விட்டால் கிடை அலையும் செங்குத்து அலையும் ஒன்றோடொன்று கலந்து குவாலிட்டியைக் கெடுக்கும். தெற்கே போகப் போகத் திருகல் இன்னும் கூடும், கன்னியாகுமரியில் அறுபதைத் தாண்டும்.

கிளாம்பைத் தளர்த்தி, கொஞ்சம் கொஞ்சமாகத் திருகுங்கள். ஒவ்வொரு அசைவுக்கும் சில விநாடி காத்திருங்கள். பெட்டி உடனே காட்டாது. டிஷ்ஷையும் எல்.என்.பி-யையும் ஒரே நேரத்தில் அசைக்காதீர்கள். உச்சம் கிடைத்ததும் நட்டுகளை மாற்றி மாற்றி இறுக்குங்கள். ஒரே பக்கம் இறுக்கினால் டிஷ் நகர்ந்துவிடும்.

கேள்வி: தூறல் விழுந்தாலே படம் போய்விடுகிறது.

கொட்டுகிற மழையில் கேயு பேண்ட் (இந்த டிஷ்கள் வாங்கும் அலைவரிசை) சிக்னல் போவது இயல்பு, ஆனால் தூறலுக்கே போகக் கூடாது. வெயில் நாளிலேயே குவாலிட்டி விளிம்பில் நிற்கிறது என்று அர்த்தம், அல்லது கேபிள் நுனியில் உள்ள எஃப் கனெக்டருக்குள் தண்ணீர். கழற்றிப் பாருங்கள்; செம்புக் கம்பி பச்சை பிடித்திருந்தால் வெட்டிப் புதுசு போடுங்கள்.

கேள்வி: டிஷ்ஷுக்கு எதிரே 10 அடி சுவர். மறைக்குமா?

சென்னையில் 93.5-க்கு ஐந்தடி தள்ளி வைத்தால் மறைக்காது. ஏர்டெல் என்றால் எட்டடியாவது வேண்டும், அதன் செயற்கைக்கோள் 108.2-ல், தாழ்வாகத் தெரியும்.

கேள்வி: மார்ச் மாதத்தில் சில நாள் பகல் பதினொரு மணி வாக்கில் சிக்னல் போய்த் தானாக வந்தது. டிஷ் பழுதா?

இல்லை. சூரியன் அப்போது செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வருகிறது. செப்டம்பர் கடைசியிலும் இப்படி நடக்கும். சில நிமிடம்தான், ஸ்பேனரை எடுக்காதீர்கள்.