நாற்பது வடிகால்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சியாட்டிலில் பதினோரு வருடமாக இருக்கிறேன். இந்த ஆகஸ்டில் விடுப்பு போட்டுவிட்டு, கேஸ்கேட் மலையில் காட்டுப்பாதைகளைச் சீரமைக்கும் தன்னார்வக் குழு ஒன்றுடன் எட்டு நாள் போனேன். முதுகில் பதினெட்டு கிலோ, ஒன்றரை நாள் ஏற்றம். ரம்பம் பிடிக்கலாம் என்று ஆசையாகப் போனவனை ஐந்து நாளும் வடிகாலில் சேறு அள்ள விட்டார்கள். செயின்சா இருந்தால் பத்து நிமிடத்தில் முடிகிற மரத்தை இரண்டு பேர் கையாலேயே மணிக்கணக்கில் அறுத்தார்கள். இது என்ன பழமை வழிபாடு? மனைவியிடம் காட்ட உருப்படியாக ஒரு புகைப்படம்கூட இல்லை. அடுத்த வருடம் போவதா, வேண்டாமா? கால் கொப்புளத்துக்கு ஏதாவது வழி உண்டா?

க.

அன்புள்ள க.,

படித்துச் சிரித்தேன். அப்புறம் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. பல வருடங்களுக்கு முன் அதே மலையில், கிளேசியர் பீக் பகுதியில், ஒரு வாரம் நானும் சேறு அள்ளியிருக்கிறேன். உங்களைவிட அதிகமாகவே முணுமுணுத்தேன். இந்த வாரம் முழுக்க என் புத்தகத்துக்கு மெய்ப்புத் திருத்திக்கொண்டிருக்கிறேன். அதுவும் கிட்டத்தட்ட சேறு அள்ளுகிற வேலைதான். அதனால் உங்கள் கடிதம் சரியான நேரத்தில் வந்தது.

ரம்பம் தரவில்லை என்கிறீர்கள். தரமாட்டார்கள். அங்கே வனத்துறையின் நிலத்தில் ரம்பம் பிடிக்க, தன்னார்வலரானாலும் பயிற்சி பெற்றுச் சான்றிதழ் வாங்கியிருக்க வேண்டும். விழுந்து கிடக்கும் மரம் சும்மா கிடப்பதில்லை. ஒரு பக்கம் இழுவிசையிலும் மறுபக்கம் அழுத்தத்திலும் விறைத்துக்கொண்டிருக்கும். தப்பான பக்கம் அறுத்தால் ரம்பத்தைக் கவ்விக்கொள்ளும், இல்லையென்றால் துள்ளி ஆளை அடிக்கும். உங்கள் ஆசைக்காக அதில் கைவைக்க விட முடியுமா?

செயின்சா விஷயம் பழமை வழிபாடு இல்லை, சட்டம். 1964-இல் வந்த அமெரிக்க வனாந்தரச் சட்டப்படி, வனாந்தரம் என்று அறிவித்த பகுதிகளில் பொதுவாக மோட்டார் கருவி கூடாது. தள்ளுவண்டிக்குக்கூட அனுமதி கிடையாது, சக்கரம் இருக்கிறதே! சட்ட வரைவை எழுதிய ஹோவர்ட் ஸானைசர் பல வருடம் அதைத் திருத்தித் திருத்தி எழுதினார். அந்த வருடம் மே மாதம் இறந்துபோனார். ஜனாதிபதி ஜான்சன் கையெழுத்துப் போட்டது செப்டம்பர் 3-ஆம் தேதி. ஸானைசரிடமும் மனைவிக்குக் காட்டப் புகைப்படம் இல்லை.

சரி, வடிகாலுக்கு வருகிறேன். எனக்குக் கோபம் வந்த இடம் அதுதான். பாதையைக் கெடுப்பது நடப்பவர்களின் கால்தான் என்று நினைத்துக்கொண்டுதானே போனீர்கள்? தண்ணீர், ஐயா, தண்ணீர். சரிவில் வெட்டிய பாதை வெளிப்பக்கமாக லேசாகச் சாய்ந்திருக்கும். நூறுக்கு ஐந்து என்கிற அளவில், காலுக்கே தெரியாத சாய்வு. மேலிருந்து வரும் தண்ணீர் பாதையைக் குறுக்கே கடந்து கீழே போய்விடும். ஆட்கள் நடக்க நடக்க நடுவே அமுங்கி, வெளி விளிம்பில் மண் வரப்பு மாதிரி எழும்பிவிடுகிறது. அத்தோடு பாதை வாய்க்காலாகிவிட்டது. குறுக்கே போக வேண்டிய தண்ணீர் நீளவாக்கில் ஓடும், ஓட ஓட வேகம் பிடிக்கும், மண்ணைக் கிளப்பிக்கொண்டு போகும். கல் துருத்தும். நடப்பவர்கள் கல்லுக்குப் பயந்து ஓரமாக நடப்பார்கள், ஓரத்தில் இருக்கும் செடி சாகும், அங்கே இன்னொரு தடம் விழும், அதுவும் வாய்க்காலாகும். இதையெல்லாம் தடுக்கத்தான் பாதைக்குக் குறுக்கே சாய்வாக ஒரு பள்ளம். அதில் சேறு அடைத்தால் மறுபடி முதலிலிருந்து. அறுக்காமல் விட்ட மரத்தைத் தாண்டிப் போய்விடலாம். அடைத்த வடிகாலை யார் தாண்டுவது?

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது எங்கள் குழுத்தலைவி. அறுபது தாண்டியவர், அதிகம் பேசாதவர். என் கையில் ஒரு மெக்லவுட் கொடுத்திருந்தார். ஒரு பக்கம் மண்வெட்டி, மறுபக்கம் பெரிய பற்கள் வைத்த கருவி. நான்கு நாளில் நாற்பது வடிகால் முடித்தேன். ஆமாம், எண்ணினேன். சாப்பிடும்போது எண்ணிக்கையை அறிவிக்கவும் செய்தேன். நான்காம் இரவு மழை. காலையில் அவர் என்னைக் கூப்பிட்டு, நான் முடித்த வடிகால் ஒன்றின் பக்கத்தில் நிற்கவைத்தார். தண்ணீர் பாதைவழியே இறங்கி வந்தது. மேலே மிதந்த ஃபிர் மரத்து ஊசி இலைகள் என் பள்ளத்துக்குள் வந்து, வட்டமாகச் சுற்றி, நிறைந்து, விளிம்பைத் தாண்டி, மறுபடி பாதையிலேயே இறங்கிப் போயின. பள்ளத்தை நன்றாகத்தான் தோண்டியிருந்தேன், தோண்டிய சேற்றைத் தண்ணீர் வெளியேறும் அதன் வாயிலேயே கொட்டியிருந்தேன். நாற்பதிலும் அப்படியேதான்.

அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பூட்ஸ் குதிகாலால் வாயில் இருந்த சேற்றை ஒரு இழு இழுத்தார். ஊசிகள் திசை திரும்பி, ஒவ்வொன்றாகச் சரிவில் இறங்கின. மீதி முப்பத்தொன்பதுக்கும் மழையிலேயே நடந்தேன். அன்றைக்கு எண்ணவில்லை.

நீங்கள் கொட்டிய சேறு எங்கே போனது என்று பார்த்தீர்களா? உங்கள் கடிதத்தில் அது இல்லை. வருத்தப்படாதீர்கள், ஒன்றரை நாள் ஏறி, ஐந்து நாள் குனிந்திருக்கிறீர்கள். அதற்கு மேல் ஒரு மனிதனிடம் என்ன கேட்பது? இருந்தாலும் மழைக்காலத்தில் ஒரு நாள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஏதாவது மலைப்பாதைக்கு மனைவியைக் கூட்டிக்கொண்டு போங்கள். தண்ணீர் எங்கே வெளியேறுகிறது என்று காட்டுங்கள். புகைப்படத்தைவிட அது அவருக்குப் பிடிக்கலாம், பிடிக்காமலும் போகலாம். அடுத்த வருடம் போவதை அப்புறம் முடிவு செய்யுங்கள்.

கொப்புளத்துக்கு: தோல் ஓரிடத்தில் சூடாகத் தொடங்கியதும் நின்று டேப் ஒட்டிக்கொள்ளுங்கள், கொப்புளம் வரும்வரை காத்திருக்காதீர்கள். முன்னால் போகிறவர்கள் என்ன நினைப்பார்களோ என்று கூச்சப்பட்டு நான் நிற்கவில்லை. இறங்கும்போது என் மூட்டையில் பாதியை அந்த அம்மாள்தான் சுமந்தார்.